மாப்பிள்ளைக்கு ஒரு கோடாலி

பிப்ரவரி 18, சனி

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. லாரி வந்தபோது இரண்டு குடம் பிடித்து வைத்தேன்.

பிலோமி மலையிலிருந்து போன் செய்தாள். மாப்பிள்ளைக்கு எஸ்டேட்டில் நிழல் கழிக்கும் வேலை கிடைத்திருக்கிறதாம். காப்பிச் செடிகளுக்கு மேலே நிற்கும் மரங்களில் ஏறிக் கிளைகளை வெட்டி வெளிச்சத்தை இறக்குகிற வேலை. மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும். கோடாலியை அவரவர்தான் கொண்டுவர வேண்டும். அவருடைய பழைய கோடாலி போன ஐப்பசியில் எடைக்குப் போய்ப் பாட்டிலாகத் திரும்பி வந்தது எனக்குத் தெரியும். அதை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"நீங்க வாங்கிக் குடுங்கப்பா. நீங்க குடுத்ததுன்னா அவருக்கு ஒரு இது இருக்கும். கிறிஸ்மஸ்லருந்து தொடலப்பா."

பார்ப்போம் என்றேன்.

பிப்ரவரி 20, திங்கள்

வத்தலக்குண்டு சந்தைக்குப் போய்வந்தேன். இரும்புச் சாமான் விற்பவர் சாக்கை விரித்துக் கோடாலிகளைப் பரப்பியிருந்தார். ஒவ்வொன்றையும் எடுத்து இன்னொன்றால் தட்டிக் கேட்டேன். தேங்காய் வாங்குகிற மாதிரிதான். சத்தம் தெளிவாக வந்தால் உள்ளே விரிசல் இல்லை. எல்லாம் லாரிப் பட்டையை அடித்துச் செய்தவை. விளிம்பு பளபளக்கிறது, உடம்பு சப்பையாக இருக்கிறது. மெல்லிய கோடாலி மரத்தில் மாட்டிக்கொள்ளும். முதுகு தடித்திருந்தால்தான் மரத்தைப் பிளந்து தள்ளும். கூட்டத்தில் நுழைகிற ஆளைப்போல் முன்னால் கூர்மையும் பின்னால் கனமும் வேண்டும்.

ஒன்றும் வாங்காமல் திரும்பினேன். அப்பாவின் கோடாலி இரும்பு பரணில் கிடப்பது ஞாபகம் வந்தது. அவர் காட்டுக் கூப்பில் மரம் வெட்டியவர். ஏணி போட்டு எடுத்தேன். துருவுக்குக் கீழே இரும்பு தங்கமாக இருக்கிறது. வாய் அகலம், கீழ் முனை தாடிபோல் சற்று இறங்கியிருக்கும்.

ஒரே ஒரு சிக்கல். கோடாலியில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் காம்பை அடியிலிருந்து நுழைத்து, மேலே ஆப்பு அடித்து இறுக்குவார்கள். பிறகு கழற்ற முடியாது. இன்னொன்று பிக்காசு மாதிரி. காம்பு தலைப்பக்கம் பருத்தும் கைப்பக்கம் மெலிந்தும் இருக்கும். இரும்பைக் கைப்பக்கமாகக் கோத்து மேலே ஓட்டினால், பருத்த இடத்தில் போய்த் தானாக உட்கார்ந்துகொள்ளும். ஆப்பு வேண்டாம். ஓங்க ஓங்க இறுகும். கழற்ற வேண்டுமானால் காம்பின் கைப்பக்க நுனியைக் கல்லில் ஒரு தட்டு தட்டினால் இரும்பு கீழே வழுக்கி வந்துவிடும். அப்பாவுடையது முதல் வகை. மாப்பிள்ளைக்கு வேண்டியது இரண்டாவது. ஏனென்றால் மலைப் பஸ்ஸில் கோடாலியைக் காம்போடு ஏற்ற கண்டக்டர் விடமாட்டார். இரும்பைக் கழற்றிப் பையில் போட்டு, காம்பை வெறும் கம்பாகக் கையில் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். மலையில் எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள்.

துளையை மேற்புறம் அகலமாகவும் அடிப்புறம் குறுகலாகவும் சரிவாக அராவிவிட்டால் முதல் வகை இரண்டாவதாகிவிடும். அரம் இருக்கிறது. நேரமும் இருக்கிறது. எட்டாம் வகுப்புக்கு ஆண்டுதோறும் ஆப்பும் சாய்தளமும் நடத்தியவனுக்கு இது பெரிய காரியமில்லை. ஆசாரியிடம் கொடுக்கலாம், ஆனால் நானே செய்தது என்று சொன்னால் பிலோமி சந்தோஷப்படுவாள்.

பிப்ரவரி 22, திருநீற்றுப் புதன்

நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்தேன். தவக்காலம் தொடங்கிவிட்டது. நாற்பது நாளும் கறி இல்லை, மீன் இல்லை. நான் காப்பியும் விடுகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். மாப்பிள்ளை என்ன நேர்ந்திருக்கிறார் என்று பிலோமி சொல்லாமலே தெரியும்.

பின்வாசல் நிலைப்படியில் இரும்பைக் கட்டிவைத்து அராவ ஆரம்பித்தேன்.

பிப்ரவரி 24, வெள்ளி

நேற்றும் இன்றும் முழுக்க அரம்தான். தோள் வலி. மாலையில் ஒரு சிறு பிசகு தெரிந்தது. சரிசெய்துகொள்ளலாம்.

பிப்ரவரி 25, சனி

கருவேலங்காம்பு விறகுக்கடையிலிருந்து வந்தது. செதுக்கிக் கண்ணாடித்தாள் போட்டுத் தேய்த்தேன். பால்பவுடர் டப்பாவை வெட்டும்போது விரலில் நல்ல கீறல். மஞ்சள் வைத்துக் கட்டினேன். குழாய் ஒழுகினால் அடைப்பார்களே, அந்தப் பசை கொஞ்சம் மிச்சமிருந்தது. காய ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு இரும்புக்கு உள்ளும் புறமும் கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். கடையில் வாங்கியது போலவே இருக்கிறது.

மாப்பிள்ளை நாளை பூசை முடிந்து வருகிறார்.

பிப்ரவரி 26, ஞாயிறு

வந்தார். வெள்ளைச் சட்டை, தலையில் எண்ணெய். சாம்பாரும் அப்பளமும் செய்திருந்தேன். பிலோமி இவரைத்தான் கட்டுவேன் என்று நின்ற நாளிலிருந்து இந்த வீட்டில் அவர் ஒரு சோற்றுப் பருக்கையைக்கூடக் கீழே சிந்தியதில்லை. அவ்வளவு பயந்து சாப்பிடுவார்.

கோடாலியைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினார். காம்பை ஓட்டித் தலைப்பக்கத்தைக் கல்லில் குத்தி இறுக்கி, இரும்பைப் பிடித்து அசைத்துப் பார்த்தார்.

"ஆடவே இல்ல மாமா. நீங்களா செஞ்சீங்க?"

ஆமாம் என்றேன். எல்லாருக்கும் காட்டுவேன், வாத்தியார் கையால் செய்த கோடாலி என்று சொல்வேன் என்றார். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது இரும்பைக் கழற்றித் துண்டில் சுற்றிப் பையில் வைத்தார். ஏதோ கோயில் பிரசாதத்தை வைக்கிற மாதிரி.

மத்தியானம் தூங்கவில்லை.

மார்ச் 2, வியாழன்

முருங்கையில் கம்பளிப்பூச்சி. நெருப்புக் காட்டினேன்.

மார்ச் 5, ஞாயிறு

பிலோமி போன். வேலை நன்றாக நடக்கிறது, மேஸ்திரி பாராட்டினாராம். கோடாலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அதப்பத்தி ஊரே பேசுது" என்று சிரித்தாள். வெயில் எப்படி என்றும் கேட்டேன். இந்த வருஷம் மலையிலேயே காய்கிறதாம். கடும் வெயிலில் மரம் சுருங்கும். கதவெல்லாம் கோடையில் சுலபமாகச் சாத்துகிறதே, அதுபோல.

காம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவள் வைத்துவிட்டாள்.

மார்ச் 9, வியாழன்

அமலதாஸ் மாப்பிள்ளைக்குக் காலில் வெட்டு. திண்டுக்கல் ஆஸ்பத்திரி. போய்விட்டு இப்போதுதான் வந்தேன்.

இடது பாதத்தின் மேல்பக்கம். நரம்பு இரண்டைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். விரலை ஊன்றி மரமேற முடியுமா என்பது போகப்போகத்தான் தெரியுமாம். கட்டிலைச் சுற்றிப் பிராந்தி வாடை. பிலோமி தள்ளி ஜன்னலோரம் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குடித்துவிட்டு மரமடியில் வேலை செய்தார் என்று மேஸ்திரி அவளிடமே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டார். குனிந்தேன். "குடிக்கல மாமா. இரும்பு கீழ வந்துருச்சு. வாடை, கூட வேல பாக்குற மூக்கையா ஊத்துனது, புண்ணுல" என்றார். வாயில் காப்பி வாடை.

பேச வேண்டாம், தூங்குங்கள் என்றேன்.

மார்ச் 11, சனி

பிலோமி ஒரு பெட்டியோடு வந்துவிட்டாள். அவரைக் கொண்டுபோய் வீட்டில் விட்டாயிற்றாம். பக்கத்து வீட்டு அண்ணி சாப்பாடு கொடுப்பாளாம். "இந்தத் தடவை சத்தியம் பண்ணினாருப்பா, அம்மா படத்து மேல" என்றாள். அதற்குமேல் அழுகையும் வரவில்லை அவளுக்கு.

அவள் அறையைக் கூட்டித் துடைத்தேன். அவள் அம்மா ரோசரி இறந்தபிறகு அந்த அறையை யாரும் திறக்கவில்லை.

மார்ச் 12, ஞாயிறு

மூக்கையா வந்தார். மாப்பிள்ளையோடு வேலை பார்ப்பவர். உரச் சாக்கில் கோடாலியைச் சுற்றி எடுத்து வந்திருந்தார். பிலோமி முன்னாலேயே கேட்டேன், காலில் பிராந்தி ஊற்றினீர்களா என்று. அவர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு, "பிராந்திக்கு நான் எங்க சார் போவேன். எஸ்டேட்ல பாட்டிலக் கண்டா சீட்டக் கிழிச்சுருவாங்க" என்றார். காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

பிலோமி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் சாக்கைப் பிரிக்கவில்லை.

மார்ச் 13, திங்கள்

பின்பக்கம் சுத்தம் செய்தேன். பழைய தகரம், டப்பா, ஓட்டை வாளி எல்லாவற்றையும் எடைக்குப் போட்டேன். கோடாலி இரும்பைச் சுரண்டித் துடைத்து வைத்தேன். இடம் வெளிச்சமாக இருக்கிறது.

மார்ச் 15, புதன்

மத்தியானம் சாப்பிடும்போது பிலோமி கேட்டாள். "அப்பா, கோடாலி தானா கீழ வழுக்குமா?"

"நல்லாப் பூட்டுன கோடாலி வழுக்காதும்மா. ஓங்க ஓங்க இறுகத்தான் செய்யும்."

"அப்ப அவரு சொல்றது பொய்."

நான் ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

நான் சொன்னதில் பிழை இல்லை. எந்தப் பாடப்புத்தகத்தை எடுத்தாலும் அப்படித்தான் இருக்கும்.

மார்ச் 16, வியாழன்

பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

மார்ச் 20, திங்கள்

திருச்சியில் கன்னியர் நடத்தும் விடுதியில் வார்டன் வேலை இருக்கிறது. தங்க இடமும் உண்டு. என்னோடு வேலை பார்த்த டீச்சரின் தங்கை அங்கே சிஸ்டராக இருக்கிறார். அவர் மூலம் பேசினேன். பிலோமியை வரச் சொல்லிவிட்டார்கள். பாஸ்கா, அதாவது உயிர்ப்புத் திருநாள் முடிந்த மறுநாள் சேர வேண்டும்.

அவளிடம் சொன்னபோது கொஞ்சநேரம் வெங்காயத்தையே உரித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "போனா திரும்பி வரமாட்டேன்ப்பா. உங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன், அப்பறம் சமாதானம் பேசக் கூடாது" என்றாள்.

அவசரமில்லை, யோசித்துச் சொல் என்றேன். யோசித்துவிட்டேன் என்றாள்.

கல்யாணத்துக்கு முன்னால் காலையில் காப்பி போட்டுவிட்டு வாசலில் நின்று பேப்பரை எனக்கு வாசித்துக் காட்டுவாள். இப்போதும் வாசிக்கிறாள். காப்பி மட்டும் அவளுக்கு.

மார்ச் 24, வெள்ளி

கோயிலில் சிலுவைப்பாதை. முழங்கால் போட முடியவில்லை, பெஞ்சில் உட்கார்ந்தேன்.

மார்ச் 26, ஞாயிறு

அவளிடம் பழைய வாத்தியார் ஒருவரைப் பார்க்க என்று சொல்லிவிட்டு மலைக்குப் போனேன்.

மாப்பிள்ளை கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் கொண்டுபோன ஹார்லிக்ஸையும் ஆரஞ்சையும் கண்டு எழுந்திருக்கப் பார்த்தார், அமர்த்தினேன். வீடு சுத்தமாக இருந்தது. பிலோமியின் சேலை ஒன்று கொடியில் அப்படியே கிடந்தது. எடுத்து மடிக்க மனம் வரவில்லை போலிருக்கிறது. அவள் சாப்பிடுகிறாளா, தலைவலி வருகிறதா என்று கேட்டார். தன் காலைப் பற்றி நான் கேட்ட பிறகுதான் சொன்னார். கட்டைவிரல் அசைகிறது, மற்றவை இல்லை.

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, அன்று என்னதான் நடந்தது என்று கேட்டேன். கிளையைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாராம். ஓங்கும்போது இரும்பு பாதிக் காம்புக்கு இறங்கிவிட்டது. நிறுத்த முடியவில்லை. அடி மரத்தில் படாமல் சுற்றிக்கொண்டு காலில் விழுந்தது.

"என் தப்புதான் மாமா. காலைல கல்லுல குத்தி இறுக்குனேன், மத்தியானம் மறுபடி குத்தாம விட்டுட்டேன். வெயிலுக்குக் காம்பு காஞ்சிருக்கும். நல்ல கோடாலி. என்கிட்ட வந்து இப்பிடி ஆயிருச்சு."

நான் ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தேன்.

"எறிஞ்சிராதீங்க மாமா அத. கால் ஊணுனதும் அதையே எடுத்துட்டுப் போறேன். அவகிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லுங்க, நான் குடிக்கலன்னு. நான் சொன்னா எடுபடாது. நீங்க சொன்னாக் கேப்பா."

பார்ப்போம் மாப்ள என்றேன். திருச்சி வேலையைப் பற்றி நான் சொல்லவில்லை. அண்ணி சொல்லியிருப்பாள்.

இறங்கி வரும் பஸ்ஸில் வாந்தி. வளைவு அதிகம்.

மார்ச் 29, புதன்

பாஸ்காவுக்கு முன் ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும் என்பது ஒழுங்கு. இன்று போனேன். ஃபாதர் சின்னப் பையன். என் மாணவனின் மகன். காப்பி நேர்ச்சையை இரண்டு முறை மீறியது, ஒரு ஞாயிறு பூசைக்குப் பிந்திப் போனது, குழாய்த் தண்ணீர் சண்டையில் கோபப்பட்டது எல்லாம் சொன்னேன்.

"வேற எதுவும் இருக்கா சார்?" என்றார். அந்தப் பெட்டிக்குள் யாரும் யாரையும் சார் என்று கூப்பிடுவதில்லை. அவருக்குப் பழக்கத்தில் வந்துவிட்டது.

இல்லை ஃபாதர் என்றேன். பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் கொடுத்தார். சொல்லி முடித்தேன். நான்காவதும் சொன்னேன்.

ஏப்ரல் 2, குருத்து ஞாயிறு

பிலோமி ஓலையில் சிலுவை முடைந்து நிலைப்படியில் செருகினாள். திருச்சிக்குப் புதுப் பெட்டி வாங்கினோம்.

ஏப்ரல் 5, புதன்

எழுதிவிடுகிறேன். பரீட்சையில் கணக்கைத் தப்பாகப் போட்ட பையன் விடையை மட்டும் அடித்துத் திருத்திவைப்பான். வழியைப் பார்த்தால் தெரிந்துவிடும். இத்தனை நாள் நான் இங்கே எழுதியதும் அப்படித்தான்.

பிசகு இதுதான். நிலைப்படியில் இரும்பைத் தலைகீழாகக் கட்டியிருந்தேன். மேற்புறம் என்று நினைத்து இரண்டு நாளும் அடிப்புறத்தை அராவினேன். மற்ற கோடாலியானால் திருப்பிப் பூட்டிவிடலாம். இதற்குத் தாடி இருக்கிறது, திருப்பினால் தாடி மேலே போய்விடும். அதனால் மேற்புறத்தையும் அராவினேன். துளை உடுக்கை மாதிரி ஆகிவிட்டது. இரண்டு வாயும் அகலம், நடுவில் இடுப்பு. காம்பு அந்த இடுப்பில் மட்டும்தான் தொடும். பூட்டி அசைத்தால் கிழவன் பல் மாதிரி ஆடியது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மறுபடி சந்தைக்குப் போய் அந்தச் சப்பைக் கோடாலியில் ஒன்றை வாங்கியிருக்கலாம். மறுநாள் அவர் வருகிறார், நானே செய்கிறேன் என்று பிலோமியிடம் சொல்லிவிட்டேன். தகரத்தை வளைத்து அடிப்புறத்தில் வைத்துப் பசையால் ஒட்டி, ஆடாமல் செய்தேன். பெயிண்ட் அடித்ததும் மறைந்தது. வேலைக்கு நிற்காது என்று தெரியும். அடி விழ விழப் பசை உதிரும், தகரம் கழலும், இரும்பு கீழே வழுக்கும். சாய்தளம் நடத்தியவனுக்கு அது தெரியாதா.

அப்போது என் மனதில் ஓடியதையும் எழுதுகிறேன். ஒரு வாரத்தில் விற்றுக் குடிக்கப்போகிறவனுக்கு இவ்வளவு போதும். இந்த வார்த்தையேதான். அவர் விற்கவில்லை.

பிறகு அவள் பெட்டியோடு வந்தாள். அவள் இங்கே இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அதற்குமேல் எழுத வரவில்லை.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

உபவாசம். அவளிடம் சொல்ல இரண்டு முறை அடுப்படிக்குப் போனேன். ஒரு முறை தண்ணீர் குடித்தேன். ஒரு முறை தீப்பெட்டி எங்கே என்று கேட்டேன்.

ஏப்ரல் 8, சனி

காலை பத்து மணிக்கு மேல் கேட் சத்தம். மாப்பிள்ளை. கக்கத்தில் ஊன்றுகட்டை, மற்ற கையில் ஒரு புதுக் காம்பு. பஸ் ஏறி இறங்கி எப்படித்தான் வந்தாரோ. சட்டை நனைந்திருந்தது.

பிலோமி ஒரு செம்பு தண்ணீரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கூடத்தில் அவளுடைய புதுப் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு பார்க்கவில்லை.

படுத்திருந்த நாட்களில் கொய்யாக் கம்பைச் செதுக்கிப் புதுக் காம்பு செய்தாராம். அளவு சரியா என்று பார்க்க வேண்டும். "அந்த இரும்பக் குடுங்க மாமா." அதற்காக வரவில்லை என்பது யாருக்கும் தெரியும். கையில் ஒரு வேலை இருந்தால் மனிதனுக்கு ஒரு வீட்டுக்குள் நுழையச் சாக்குக் கிடைக்கிறது.

எடுத்துக் கொடுத்தேன். கோத்து ஓட்டினார். கல்லில் குத்தினார். அசைத்தார், ஆடியது. கழற்றி, துளைக்குள் விரலை விட்டார். ஒரு சுற்று சுற்றினார். விரல் பாதியில் நின்றது. என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"மாமா, இது ரெண்டு பக்கமும் அரம் போயிருக்கு."

பிலோமி வாசல் நிலையில் வந்து நின்றாள்.

"அளவு கொஞ்சம் தப்பிருச்சு மாப்ள," என்றேன். "வயசாச்சுல்ல. கண்ணு பத்தல."

"அப்ப வழுக்கியிருக்கும்ல?" என்றாள் பிலோமி.

"வழுக்கியிருக்கும்."

அவள் மெதுவாக வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அவர் தலையைக் குனிந்துகொண்டார். என் தோளில் அவள் கை விழுந்தது. "சரிப்பா. நீங்க என்ன, வேணும்னேவா செஞ்சீங்க" என்றாள்.

அத்தோடு முடித்திருக்கலாம். அவர் மேல் இருந்த பழி போயிற்று, என் மேல் பரிதாபம் வந்தது. எல்லாருக்கும் மத்தியானச் சோறு போட்டிருப்பாள். அந்த நேரம் அவர் நகத்தில் கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. உருட்டிப் பார்த்தார். அது என்னவென்று அவருக்குப் புரிந்துவிட்டது, கண்ணில் தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "பழைய துருவா இருக்கும்" என்று வேட்டியில் துடைக்கப் போனார்.

"துரு இல்ல மாப்ள. பசை. தகரத்த வச்சு ஒட்டுனேன். ஆடுறது தெரியக் கூடாதுன்னு."

தோளிலிருந்த கை அசையவில்லை.

"நிக்காதுன்னு எப்பப்பா தெரியும்?"

"ஒட்டும்போதே."

"தகரம் எங்க?"

"எடைக்குப் போட்டுட்டேன். நீ வந்த வாரமே."

அவள் மனதில் நாட்களை அடுக்குவது எனக்குத் தெரிந்தது. கோடாலி வழுக்குமா என்று அவள் கேட்டதும், நான் ரசம் ஊற்றிக்கொண்டதும் அதற்குப் பிறகு. எப்போது கையை எடுத்தாள் என்று தெரியவில்லை.

அவள் கத்தவில்லை. உள்ளே போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து பெட்டியைத் தூக்கினாள். "அடுத்த பஸ் எப்ப?" என்று அவரிடம் கேட்டாள். ஒரு மணிக்கு என்றார். அவர் எழ, நானும் எழுந்தேன். கேட் வரைக்கும் போனேன். ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் திரும்பினாள்.

"உனக்காகத்தான் செஞ்சேன்னு மட்டும் சொல்லிராதீங்கப்பா."

அதைத்தான் சொல்ல இருந்தேன்.

ஏப்ரல் 9, உயிர்ப்பு ஞாயிறு

பூசைக்குப் போனேன். அப்பம் கொடுக்கும்போது எழுந்து போகவில்லை, நன்மை வாங்கவில்லை.

ஏப்ரல் 10, திங்கள்

திருச்சி சிஸ்டருக்குப் போன் செய்து பிலோமி வரவில்லை என்று சொன்னேன். ஏன் சார், ஏதும் பிரச்சினையா என்றார். பிரச்சினை தீர்ந்தது சிஸ்டர் என்றேன்.

ஏப்ரல் 13, வியாழன்

மலைக்குப் போய் எஸ்டேட் மேஸ்திரியைப் பார்த்தேன். வேலை விட்டு ஆட்கள் தேநீர் குடிக்கிற நேரம். எல்லாரும் கேட்கிற மாதிரியே சொன்னேன்: வெட்டு என்னால் வந்தது, அவர் குடிக்கவில்லை. இரும்பையும் எடுத்துப்போயிருந்தேன். அவர்கள் கை மாற்றிக் கை மாற்றி வாங்கி விரலை விட்டுப் பார்த்தார்கள். மேஸ்திரி சங்கடப்பட்டு, வயதானவர், விடுங்கள் சார் என்றார். விட முடியாது என்றேன். பின்னால் நின்ற மூக்கையா கடைசியில், "பிராந்தி என்னுதுதான். புண்ணுல ஊத்துனேன்" என்றார். ஆஸ்பத்திரிச் செலவை எஸ்டேட் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

வத்தலக்குண்டில் இறங்கி இரும்பை ஆசாரியிடம் கொடுத்தேன். துளையை அடைத்து மறுபடி போட முடியுமா என்று கேட்டேன். முடியாது, உருக்கத்தான் வேண்டும் என்றார். உருக்கச் சொன்னேன்.

பிலோமி வீட்டுப் பக்கம் போகவில்லை.

ஏப்ரல் 21, வெள்ளி

மாப்பிள்ளை போன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொன்னார். அவளுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும். பேச மாட்டா மாமா. சோறு போடுவா."

ஏப்ரல் 23, ஞாயிறு

போய்வந்தேன்.

கோழிக் குழம்பு. தவக்காலம் முடிந்து நான் சாப்பிட்ட முதல் கறி. இலை போட்டாள், சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள். கேட்காமலே இரண்டாம் முறை வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர்ச் செம்பை என் பக்கம் தள்ளியபோது வளையல் சத்தம் மட்டும் கேட்டது. அவளும் சரியாகச் சாப்பிடவில்லை. மாப்பிள்ளைதான் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, எஸ்டேட்டில் விதைப் பாத்தியில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்திருக்கிறார்கள், மரம் ஏறுவது இனி இல்லை, அதுவும் நல்லதுதான் என்று பேசிக்கொண்டே இருந்தார். இந்த முறை அவர் இலையைச் சுற்றிச் சோறு சிந்தியிருந்தது.

பஸ் நிறுத்தம் வரை அவர் வந்தார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. கட்டை இல்லை, இடது காலை இழுத்து வைத்து நடக்கிறார். நான் என் நடையைக் குறைத்துக்கொண்டேன். மேட்டில் காப்பிப் பூ வாசனை. நிறுத்தத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

"மாமா, ஒண்ணு கேக்கலாமா? இப்ப நான் குடிக்கலன்னு நம்புறீங்களா?"

"நம்புறேன் மாப்ள."

பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தார்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில?"

பொய் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வாடை அப்படி அடித்தது, யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள் என்று சொல்லலாம். அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"அன்னைக்கும் நம்புனேன்."

 பஸ் வந்தது. படி உயரம். அவர் கையை நீட்டினார், பிடித்துக்கொண்டு ஏறினேன்.